மூன்று மைக்ரானுக்குக் கீழே

திங்கள்

கோவை கணபதியில் பிரஸ் ஷாப் வைத்திருக்கும் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். கையில் பனியன் வேஸ்டில் சுற்றிய இரண்டு பஞ்ச். ஸ்டெயின்லெஸ் தகட்டில் துளை குத்துபவை. போன மாதம் இங்கேதான் டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் ஏற்றிக் கொடுத்தோம்.

"என்னங்க தம்பி, கோட்டிங் போடாத பஞ்சே இதைவிட நல்லா ஓடுச்சே!"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெட்டும் விளிம்பை ஒட்டித் தங்க நிறம் செதில் செதிலாகப் போயிருந்தது. தேய்மானம் என்றால் நிறம் மெல்ல வெளிறி, எஃகு கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். இங்கே பெயர்ந்த இடத்தின் ஓரம் வெடுக்கென்று முடிகிறது. அதைச் சுற்றி வட்ட வட்டமாக நுண்ணிய விரிசல்கள். இது தேயவில்லை, உடைந்திருக்கிறது.

செவ்வாய்

பழி முதலில் நம் மேல்தான் வரும், வரவும் வேண்டும். அதே லோடில் கோட்டிங் சேம்பருக்குள் போன ஹைஸ்பீடு ஸ்டீல் சோதனை வில்லையைத் தேடி எடுத்தேன். எஃகு உருண்டையில் வைரப் பசை தடவி அதன்மேல் சற்று நேரம் சுழலவிட்டதும், கிண்ணம்போல ஒரு குழி விழுந்தது. மைக்ராஸ்கோப்பில் நடுவே எஃகு வட்டம், சுற்றிலும் பொன் வளையம். இரண்டு விட்டங்களின் வர்க்கங்களைக் கழித்து, உருண்டை விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும். 3 மைக்ரான். கேட்டதும் அதுதான்.

அடுத்து ஒட்டுதல். ராக்வெல் மெஷினில் 150 கிலோ சுமையில் வைரக் கூம்பை இறக்கி, பள்ளத்தின் கரையைப் பார்ப்பது. விரிசல் மட்டும் இருந்தால் தேறும், தோல் சுற்றிலும் உரிந்தால் தேறாது. ஜெர்மன்காரர்கள் இதற்கு 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 5, 6 என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நம் வில்லையில் மெல்லிய ரோமக் கீறல்கள், அவ்வளவுதான். 1 என்றே எழுதினேன்.

கோட்டிங்கில் குறையில்லை. அப்படியானால் அதற்கு அடியில் என்ன?

புதன்

பஞ்சின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் சாணை பிடித்து ராக்வெல் கடினம் பார்த்தேன். 52. வரவுப் பதிவேட்டில் இதே பஞ்ச் 60 என்று இருக்கிறது. நடுவில் எட்டுப் புள்ளி எங்கே போனது?

ஷிப்டு முடியும் நேரத்தில் மூத்த ஆபரேட்டர் அண்ணா வந்து பஞ்சை வாங்கி கிரைண்டரில் வைத்தார். நம் ரிஜிஸ்டரில் எச்.சி.எச்.சி.ஆர்., அதாவது கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள எஃகு, என்று எழுதியிருக்கிறது. அந்த எஃகுக்குப் பொறி குட்டையாக, செந்நிறமாக, ஏதோ கஞ்சத்தனமாகத்தான் வரும். இதில் மஞ்சள் பொறி நீளமாகப் பறந்து நுனியில் பூ விரித்தது. "ஓ.எச்.என்.எஸ். தம்பி இது" என்றார், அறிக்கை படிப்பதுபோல.

எல்லாம் விளங்கிவிட்டது. ஓ.எச்.என்.எஸ். எஃகை எண்ணெயில் குளிரவைத்து 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கி டெம்பர் செய்வார்கள், 60 கிடைக்கும். நம் சேம்பரில் டைட்டானியம் ஆவியாகி நைட்ரஜனோடு சேர்ந்து படியும்போது உள்ளே 450 டிகிரி, அதுவும் மணிக்கணக்கில். கோட்டிங் ஏறிக்கொண்டிருக்கும்போதே பஞ்ச் உள்ளுக்குள் இரண்டாம் முறை டெம்பர் ஆகி இளகிவிட்டது. வரும்போது அளந்தோம், சரியாக இருந்தது. போகும்போது உள்ளெஃகை யாரும் அளப்பதில்லை. மேலே மின்னுவதைப் பார்த்ததும் பேக் செய்துவிடுகிறார்கள்.

வியாழன்

ஆர்ச்சர்டு 1953இல் எழுதிய சமன்பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தேய்ந்துபோகும் கன அளவு, சுமையும் சறுக்கும் தூரமும் கூடினால் கூடும். கடினம் கூடினால் குறையும். முன்னால் ஒரு மாறிலி. விற்பனைக்காரர்கள் பின்னத்தின் கீழே இருக்கும் கடினத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் 850 விக்கர்ஸ், டைட்டானியம் நைட்ரைடு 2,300, ஆகவே ஆயுள் மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. அந்த மாறிலி ஜோடிக்கு ஜோடி பல்லாயிரம் மடங்கு மாறக்கூடியது. கோட்டிங் ஏற்றிய டிரில் நெடுநாள் உழைப்பதற்கு, வெட்டுப்படும் உலோகம் அதன்மேல் அப்பிக்கொள்ளாததும் ஒரு பெரிய காரணம். கடினம் பாதிக் கதைதான்.

அதுவும் கீழே தாங்க ஆள் இருந்தால். குத்தும்போது வரும் சுமை 3 மைக்ரானோடு நின்றுவிடாது, நேரே எஃகுக்குள் இறங்கும். இலவம்பஞ்சு மெத்தைமேல் கண்ணாடியை வைத்து ஏறி நின்ற கதைதான்: எஃகு அமுங்கும், கோட்டிங்கால் கூடவே வளைய முடியாது. கடினத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கும் மீள்தன்மைக் குணகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள் என்று லேலண்டும் மேத்யூஸும் 2000இல் எழுதினார்கள். சரியான பேச்சு.

அண்ணனின் கேள்விக்கும் இதில் பதில் உண்டு. உடைந்த செதில்கள் 2,300 விக்கர்ஸ் தூளாகப் பஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. காப்பாற்ற வைத்ததே அரம் போல் அறுக்கிறது. அடியில் எஃகும் இளகியிருக்கிறது. கோட்டிங் இல்லாத 60 பஞ்ச் ஜெயிக்காமல் என்ன செய்யும்?

வெள்ளி

போனில் விவரம் சொன்னேன். பஞ்ச் செய்து கொடுத்த டூல் ரூமில் கம்பி மாறிப்போனதை ஒப்புக்கொண்டார்களாம். புதிதாக எச்.சி.எச்.சி.ஆரில் செய்து, 520 டிகிரிக்கு மேல் இரண்டு முறை டெம்பர் போட்டு அனுப்பச் சொன்னேன். 450 அதை ஒன்றும் செய்யாது.

"இந்தத் தடவை அந்தக் கறுப்புக் கோட்டிங் போட்டுருங்க தம்பி. கெட்டியா இருக்குமாமா."

அது டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. வெட்டுமுனை கொதிக்கும் இடத்தில் மேலே அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகித் தன்னையே காத்துக்கொள்ளும். தகடு குத்துவதில் அந்தச் சூடு ஏது? டைட்டானியம் கார்போநைட்ரைடு போதும், உராய்வும் குறைவு, விலையும் அதிகம் வராது என்றேன். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, "சரிங்க, உங்க இஷ்டம். பாதி காசு அந்த டூல் ரூம்காரன்கிட்ட வாங்கிக்கிறேன்" என்றார்.

ஜாப் கார்டில் எஃகின் பெயருக்குப் பக்கத்தில், கடைசியாக டெம்பர் போட்ட வெப்பநிலைக்கு ஒரு கட்டம் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தாயிற்று. அது காலியாக வந்தால் சரக்கு சேம்பருக்குள் போகாது.