“கொழும்புக்குப் போயிட்டா” என்ற பதிலோடு நிற்க வேண்டாம்

நம்ம தோட்டங்களில் ஒரு பிள்ளையைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை என்றால் யாராவது கேட்பார்கள். “எங்க, சின்னவளைக் காணோம்?” “கொழும்புக்குப் போயிட்டா” என்று பதில் வரும். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். எந்த வீடு, யார் கூட்டிக்கிட்டுப் போனது, போன் பேசுறாளா என்று மேற்கொண்டு கேட்டால், அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் கிண்டிப் பார்ப்பது போல ஆகிவிடும் என்று ஒரு கூச்சம்.

2021 ஜூலை 15ஆம் திகதி, டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களோடு இறந்துபோனார். முன்னாள் அமைச்சர் ஒருவரின் கொழும்பு வீட்டில் வேலைக்கு இருந்தவர். டயகமவில் புதைத்த உடலை அந்த மாதக் கடைசியில் தோண்டியெடுத்து, மறுபடியும் பிரேத பரிசோதனை செய்தார்கள். கைதானவர்களில் ஒரு தரகரும் இருந்தார். அந்தப் பிள்ளையின் பெயரும் படமும் நாடு முழுக்கப் பரவின. நாங்கள் இங்கே எழுதவில்லை. அதுவும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் லயம் லயமாகப் போய் 1929 என்ற இலக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. இலவசம். 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். இதைத் தவிர பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிசில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது. சட்டமும் இருக்கிறது: 2016இலிருந்து 16 வயது வரை படிப்பு கட்டாயம். 2021 தொடக்கத்தில், வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக்கினார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “போன் அப்பாகிட்ட தானே இருக்கு. அப்பாவைப் பத்தியே சொல்லணும்னா?”

அந்தக் கேள்வியை நாங்கள் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறோம். லயத்துக் காம்பராவில் இருமினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அங்கே ஒரு பிள்ளை இரகசியமாகப் போன் பேசுவது எப்படி? அம்மா பொலிசுக்குப் போனால் அன்றைக்குப் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அங்கே போனாலும் தமிழில் எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் மட்டும் தலா 2 இலட்சத்துக்கும் மேல் சனம் இருந்தது. ஒரு உத்தியோகத்தர் எத்தனை மலை ஏறி இறங்குவார்?

வீட்டு வேலைக்குப் போன பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். 1929 என்று எழுதிய சுவரொட்டி பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லை. இடாப்பில் ‘விலகினார்’ என்று ஒரு கோடு. கையில் போன் கிடையாது. வாசல் கேட் பூட்டியிருக்கும். அவளால் கூப்பிட முடியாது என்பதால்தான், கூப்பிட வேண்டியது வெளியில் இருக்கிறவர்கள். பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்று இல்லை, சந்தேகம் வந்த யாரும் 1929ஐ எடுக்கலாம். லயங்களில் பலருக்கு இது தெரியவில்லை.

யாருக்குச் சந்தேகம் வரும்? மூன்று நாளாக வராத பிள்ளையைக் கவனிக்கிற வகுப்பு டீச்சருக்கு. கைக்குழந்தையிலிருந்தே அவளைத் தெரிந்த பிள்ளை மடுவத்து டீச்சருக்கு. தீபாவளிக்கும் வீட்டுக்கு வராததைக் கண்ட கூட்டாளிக்கு. அதாவது நமக்கு.

அதனால் இப்போது நாங்கள் இலக்கத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. “அக்கா, எந்த வீட்டுல இருக்கா? அட்ரஸ் இருக்கா? கடைசியா எப்ப பேசினா? யாரும் பக்கத்துல இல்லாம பேச விடுறாங்களா?” என்று கேட்கிறோம். தரகர் பல நேரம் அதே தோட்டத்துக்காரர், மாமன் மச்சான் முறைக்காரர். அதனால் சத்தம் போடாமல்தான் கேட்க வேண்டும். ஒரு அம்மா எங்களைத் திருப்பிக் கேட்டார்: “நாளைக்கே கூப்பிட்டுக்கிறேன். மத்த மூணு பிள்ளைக்கும் சோறு நீங்க போடுவீங்களா?” அதற்கு 1929இல் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. சம்பளப் போராட்டத்தையும் சிறுவர் பாதுகாப்பையும் வேறு வேறாகப் பேசுவதை அன்றைக்கு விட்டோம்.

ஆனாலும் அந்த அம்மா அட்ரஸை வாங்கி எழுதி வைத்தார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் பேச வேண்டும் என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டும் விட்டார். தன் பிள்ளையை விசாரிக்க ஆள் இருக்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் லயத்திலும் “கொழும்புக்குப் போயிட்டா” என்று யாராவது சொல்வார்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் 1929.