பதறாத மறுமொழி

முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே மெல்லத் தட்டினால் கால் தானே எழுகிறது. தட்டிய செய்தி தண்டுவடம் வரை சென்று, அங்கிருந்தே ஆணையாகத் திரும்பிவிடுகிறது. மூளையின் முடிவுக்கு அது காத்திருப்பதில்லை. தசை சுருங்கத் தொடங்க நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டியதில்லை. உடலைக் காக்க இயற்கை அமைத்த ஏற்பாடு இது. ஆனால், காதில் விழுந்த சொல்லுக்கும் இந்த வேகத்திலேயே விடை சொல்லலாமா?

திருப்பதியில் பயிலும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. வேலூரிலிருந்து பிழைப்புக்காகச் சித்தூருக்கு வந்த குடும்பம் என்னுடையது. மாம்பழக்கூழ் ஆலையில் என் தந்தையாருக்கு வேலை. ஒருமுறை சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வரும்போது, நானும் நண்பன் ஒருவனும் தமிழில் பேசுவதைக் கேட்ட முதியவர் ஒருவர், "மீரு அரவவாள்ளா?" என்றார். நண்பனின் முகம் சிவந்தது. நம் மொழியில் அரவம் என்றால் பாம்பு அல்லவா!

"ஆமாம் தாத்தா. எங்களை ஏன் அப்படி அழைக்கிறீர்கள்?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். "பெரியவர்கள் சொன்ன பெயரப்பா, வசையில்லை" என்று சிரித்தார். தம் தங்கையைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருப்பதாகவும், அவள் பேரப்பிள்ளைகள் தமிழில் படிப்பதாகவும் பெருமையோடு சொன்னார். அருவாநாடு என்னும் பழம்பெயரோடு அச்சொல்லை இணைத்துக் காண்போரும் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இம்மண் பெரும் பூசலைக் கண்ட மண். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. மங்கலங்கிழாரும் ம. பொ. சி.யும் வடஎல்லைக்காகப் போராடினர். இருபுறமும் உணர்ச்சி கொதித்தது. ஆயினும் இறுதியில் எல்லையை வகுத்தது கொதிப்பன்று. படாஸ்கரின் பரிந்துரை கிராமத்தை அலகாகக் கொண்டது. எந்த மொழியினர் மிகுதி, நிலம் தொடர்ச்சியாக உள்ளதா என்று பார்த்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லோருக்கும் நிறைவு தந்த தீர்ப்பன்று அது. எனினும் எண்ணிப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு.

பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. எல்லைப் போராளிகள் வாய்மூடியிருந்தால் திருத்தணி வந்திராது. உண்மையாகவே நம்மை இழிவுபடுத்தும் சொல்லும் ஒருநாள் வரலாம். அன்று உறுதியாகவே மறுக்க வேண்டும். ஆனால், அது இழிவா, வழக்கா, அறியாமையா என்று தெரிந்துகொள்ளாமல் கொடுக்கும் விடை முழங்காலின் விடை. கேட்ட சொல்லுக்கும் சொல்லப்போகும் சொல்லுக்கும் நடுவே, "என்ன பொருளில் சொல்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை வைப்போம், நண்பர்களே. மூளை வந்து சேர அவ்வளவு நேரம் போதும்.