இடது கையில் இல்லாத கிளட்ச்!

காலை ஒன்பது மணி. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குள் போகிறவர்கள் மாம்பழச்சாலையில் சேர்ந்து, காவிரிப் பாலத்தில் ஏறி, சிந்தாமணிப் பக்கம் இறங்குகிற நேரம். ஸ்கூல் பை முன்னால், லஞ்ச் பை ஹூக்கில், பின்னால் ஒரு பிள்ளை என ஸ்கூட்டர்கள் நகர்கின்றன, நிற்கின்றன, மறுபடி நகர்கின்றன. 1976-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலம், பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் மறுபடி திறந்தபோது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பாலம் வந்துவிட்டது, நெரிசல் போகவில்லை.

அந்த நெரிசலில் நிற்கும் வண்டிகளின் இடது கைப்பிடிகளைப் பாருங்கள். பைக்காரர்களின் விரல்கள் கிளட்ச் லீவரை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு ஓய்ந்து போகின்றன. ஸ்கூட்டர்காரர்களின் இடது கையில் இருப்பது பிரேக் மட்டும். "எங்க வண்டியில கிளட்ச்சே இல்லை" என்று பலர் பெருமையாகச் சொல்வதும் அதனால்தான்.

உண்மையில் கிளட்ச் இருக்கிறது. லீவர்தான் இல்லை. பிரச்னை தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

கை விட்ட வேலையை யார் செய்கிறார்கள்?

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்கவும் சேர்க்கவும் வந்ததுதான் கிளட்ச். அந்த வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற முயற்சி பழையது. 1958-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப், கிளட்ச் லீவர் இல்லாமலே உலகை வலம் வந்தது. நம் ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ் 50, லீவரும் கியரும் தெரியாதவர்களையும் வண்டி ஓட்ட வைத்தது. 1984-ல் கைனடிக் ஹோண்டா, 2001-ல் ஆக்டிவா என வரிசை நீண்டது. 2009-ல் கிளட்ச் லீவர் இல்லாத மோட்டார்சைக்கிளாக டி.வி.எஸ் ஜைவ் வந்தது, சந்தையில் நிலைக்கவில்லை.

பெரிய பைக்குகளில் இந்த யோசனை இன்னொரு படி மேலே போனது. 2010 மாடலாக வந்த ஹோண்டா வி.எஃப்.ஆர் 1200 எஃப் பைக்கில் ஒன்றுக்கு இரண்டாக கிளட்ச் வைத்தார்கள். 1, 3, 5-வது கியர்களுக்கு ஒன்று. 2, 4, 6-வது கியர்களுக்கு இன்னொன்று. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிக்கும். இதுதான் 'டூயல் கிளட்ச்', சுருக்கமாக டி.சி.டி. 2017-ல் ஆஃப்ரிக்கா ட்வின் பைக் இந்தியாவுக்கு வந்தபோது இந்த வசதியுடன்தான் வந்தது. இந்த ரகம் நம் சாலைகளில் அரிது. ஆனால், காவிரிப் பாலத்து ஸ்கூட்டருக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கிளட்ச் தேய்வதை உணர்ந்து சொல்ல இரண்டிலுமே ஒரு கை இல்லை.

லீவர் இருந்த காலத்தில் இடது கை ஒரு டாக்டரின் கை மாதிரி. லீவரின் பிடிப்பு மாறினால், தளர்ந்தால், வண்டி வழக்கத்தைவிட முன்னதாகவோ பின்னதாகவோ நகர்ந்தால், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த நாடி பிடிப்பு இப்போது இல்லை. எனவே வண்டி காட்டும் அறிகுறிகளைக் கவனித்து, அதை மெக்கானிக்கிடம் சரியாகச் சொல்வதுதான் பாதி வைத்தியம்.

"எப்ப ஆடுது டீச்சர்?"

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர்ப் பள்ளி ஒன்றுக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகும் ஆசிரியை அவர். வண்டிக்கு எட்டு வயது. வீட்டில் இருக்கும் ஒரே வண்டி. காலையில் மகளை ஸ்கூலில் விடுவது, மாலையில் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, நடுவில் மளிகை எல்லாமே அதில்தான்.

ஒரு நாள் வண்டி கிளம்பும்போது கிடுகிடுவென உதறத் தொடங்கியது. வழக்கமாக விடும் இடத்தில் "கிளட்ச் ஷூ தேய்ஞ்சிடுச்சு" என்று மாற்றிக் கொடுத்தார்கள். வண்டி வெண்ணெய்போல ஓடியது. ஆறு மாதம்தான். மறுபடி அதே உதறல். இந்த முறை வந்த பதில், "கிளட்ச் செட், பெல்ட், ரோலர் எல்லாத்தையும் மாத்திடுங்க." மாதக் கடைசியில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

அதைவிட வலித்தது இன்னொரு வாக்கியம். "நீங்க ஓட்டற விதம் அப்படி மேடம்."

வீட்டிலும் அதையே வேறு மாதிரி கேட்டார்கள். "வித்துட்டு பஸ்ல போயிடேன்." இரண்டு பஸ் மாறிப் போனால் தினமும் ஒன்றரை மணி நேரம் போகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர் வீட்டின் பாதி வேலை ஓடுகிறது. இதற்கிடையே ஒரு காலை, பாலத்தின் நடுவில் வண்டி உதறி நின்றுவிட, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, மகள் அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பாலம் நெருங்கினாலே அவருக்குக் கை வியர்த்தது.

சக ஆசிரியை ஒருவர் சொல்லி, ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சிறிய பட்டறைக்குப் போனார். அங்கிருந்த பெரியவர், இளவயதில் பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாக இருந்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன் கேட்டார்.

"எப்ப ஆடுது டீச்சர்? கிளம்பும்போதா, ஓடும்போதா?"

"நின்னு கிளம்பும்போது மட்டும்தாண்ணே. ஓட ஆரம்பிச்சுட்டா ஒண்ணும் இல்லை."

"பின்னாடி ஆள் இருந்தா?"

"பொண்ணு உட்கார்ந்தா ஜாஸ்தி ஆடுது."

"போகப் போக ஸ்பீடு எடுக்குதா?"

"அதெல்லாம் எடுக்குது."

பெரியவர் தலையாட்டினார். "அப்போ பெல்ட்டும் ரோலரும் கெடக்கட்டும். கிளட்ச் பக்கம் பார்ப்போம்."

மூன்று கேள்விகளில் பாதிச் செலவு குறைந்துவிட்டது. பெல்ட்டோ, ரோலரோ தேய்ந்திருந்தால் வண்டி ஓடும்போது இழுவையும் வேகமும் குறையும். கிளம்பும் அந்தச் சில நொடிகளில் மட்டும் உதறினால், சந்தேகம் முதலில் போக வேண்டியது கிளட்ச் ஷூவுக்கும் அது பிடிக்கும் 'பெல்'லுக்கும்தான். திருச்சியில் 'பெல்' என்றால் திருவெறும்பூர்ப் பக்கத்து பாய்லர் தொழிற்சாலை. மெக்கானிக் சொல்லும் பெல், ஷூக்களைச் சுற்றி மூடியிருக்கும் இரும்புக் கிண்ணம். இன்ஜின் வேகம் கூடும்போது ஷூக்கள் விரிந்து இந்தக் கிண்ணத்தின் உள்பக்கத்தைப் பிடிக்கும், சக்கரம் சுழலும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஷூக்களில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு. இந்தப் பகுதி உலர்ந்து இருக்க வேண்டிய இடம். எண்ணெய் எப்படி வந்தது? கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கியர் ஆயில் பகுதியின் ஆயில் சீல் கசிந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் புது ஷூ போட்டவர்கள் அந்தச் சீலைப் பார்க்கவில்லை. புது ஷூவும் அதே எண்ணெயில் நனைந்து வீணாகிவிட்டது.

"ஷூ தேஞ்சது நோய் இல்லை டீச்சர். சீல் கசிஞ்சதுதான் நோய். நீங்க ஓட்டறதுல ஒரு தப்பும் இல்லை" என்றார் பெரியவர். சீலும் ஷூவும் மாற்றி, பெல்லைச் சுத்தம் செய்து கொடுத்தார். எஸ்டிமேட்டில் இருந்த பெல்ட்டும் ரோலரும் வண்டியிலேயே நலமாக இருக்கின்றன. அடுத்த நாள் அவர் பாலத்தைத் தாண்டியபோது மகள் பின்னால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள்.

உங்கள் வண்டி என்ன சொல்கிறது?

* கிளம்பும்போது மட்டும் உதறல்: ஷூவில் பளபளப்பு ஏறியிருக்கலாம், தூசியோ எண்ணெயோ பட்டிருக்கலாம், பெல் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம்.

* இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை: ஷூ தேய்ந்திருக்கலாம் அல்லது பெல்ட் வழுக்கலாம். தேங்கிய மழைநீரில் ஓட்டிய பிறகு இப்படி ஆனால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

* ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னே நகர்கிறது: ஐடிலிங் அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம் அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கலாம். சிக்னலில் ஆபத்தானது இது. தள்ளிப்போடாதீர்கள்.

* கிளம்புவது சரி, ஆனால் மேம்பால ஏற்றத்தில் திணறல், வேகம் ஏறவில்லை: பெல்ட்டின் அகலம் குறைந்திருக்கலாம், ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். டயரில் காற்று குறைந்தாலும் வண்டி திணறும். கிளட்ச்சைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

மூடியைத் திறந்தால் கறுப்புத் தூசி இருக்கும். அதை வாயால் ஊதுவதோ, காற்றடித்துப் பறக்க விடுவதோ கூடாது. நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

விலை உயர்ந்த பைக்குக்கும் இதே கேள்விதான்

டி.சி.டி பைக்கில் கிளட்ச்சை இயக்குவது கம்ப்யூட்டர். இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தை வால்வுகள் வழியாக அனுப்பி, இரண்டு கிளட்ச்சுகளையும் மாறி மாறிப் பிடிக்க வைக்கிறது. அங்கும் முதல் கேள்வி 'எப்போது?' என்பதுதான். 1, 3, 5-ல் நன்றாக இழுத்து, 2, 4, 6-ல் மட்டும் வழுக்கினால், தேட வேண்டியது இரண்டாவது கிளட்ச்சையும் அதற்கு வரும் ஆயில் பாதையையும். எல்லா கியரிலும் தகராறு என்றால், பொதுவான காரணங்களைப் பார்க்க வேண்டும்: ஆயில் அளவு, ஆயில் தரம், அடைபட்ட ஃபில்டர், பேட்டரி வோல்டேஜ், அழுத்தத்தை அளக்கும் சென்சார். டிஸ்ப்ளேயில் கியர் எண்ணுக்குப் பதில் சிறு கோடு மின்னினால், கோளாறு இருப்பதை வண்டியே சொல்கிறது என்று அர்த்தம். கோளாறுக் குறியீட்டைப் படிக்காமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. புதுக் கிளட்ச் போட்டாலும் வேலை முடியாது. அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் செய்முறை ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் புதுக் கிளட்ச்சும் பழையதுபோல உதறும்.

ஆயில் விஷயத்தில் வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கிறது. அதற்கான ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' என்ற வகைக் குறிப்பு இருக்கும். ஸ்கூட்டருக்கான 'எம்.பி' வகை அதைவிட வழுக்கும் தன்மை கொண்டது. ஸ்கூட்டருக்கு வாங்கி மீந்த ஆயிலைப் பைக்கில் ஊற்றினால், நல்ல கிளட்ச்சும் வழுக்கத் தொடங்கிவிடும்.

நெரிசலில் கிளட்ச்சைக் காப்பாற்ற...

பாதி பிடித்தும் பிடிக்காமலும் கிளட்ச் உரசும் நேரத்தில்தான் சூடு அதிகம். பாலத்து நெரிசலில் ஒவ்வோர் அடிக்கும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விடுவதைவிட, முன்னால் பத்தடி இடம் கிடைக்கும்வரை நின்று, ஒரே சீராகக் கிளம்புவது மேல். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கியே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த நேரம் முழுக்க ஷூ பெல்லில் உரசிக் கருகுகிறது. நிற்கும் வேலையைப் பிரேக்கிடம் விட்டுவிடுங்கள். டி.சி.டி பைக்குக்கும் இதே விதிதான்.

ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் மாற்றினால், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஷூக்கள் எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அவை வயதாகி ஓய்வு பெற்றிருக்கின்றன. பளபளவென்று கருகியிருந்தால் நெரிசலும் ஓட்டும் பழக்கமும் காரணமாக இருக்கலாம். தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டினால், பில்லைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆயில் சீல் பாத்தீங்களாண்ணே?"