கியோஸ் தீவில் ஒரு நாள்: பிசினை நம்பி வாழும் கிராமங்கள்

நாட்டு மருந்துக் கடையில் ‘ரூமி மஸ்தகி’ என்று கேட்டால், கல்கண்டுத் துணுக்கு போன்ற வெளிர் மஞ்சள் பிசினைத் தருவார்கள். யுனானி மருத்துவத்தில் வயிற்றுக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். அது விளையும் இடம் கிரேக்க நாட்டின் கியோஸ் தீவு. ஏதென்ஸில் படிக்கும் மகனைப் பார்க்கச் சென்ற செப்டம்பரில் போனபோது, அந்தத் தீவில் ஒரு நாள் சுற்றி வந்தேன்.

இரவுக் கப்பலில் ஏறினால் விடியலில் கியோஸ் நகரம். எதிரே துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தெற்கே கிளம்பினோம். நகரத்தை ஒட்டியே காம்போஸ் என்ற பகுதி. ஆரஞ்சு, மாண்டரின் தோப்புகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கல் மதில். காற்றும் தூசியும் மரத்தைத் தாக்காமலிருக்க இந்த ஏற்பாடு. செக்கு போல விலங்கைச் சுற்றவிட்டுக் கிணற்று நீரை இறைத்த பழைய மரச் சக்கரங்கள் சில தோப்புகளில் இன்னும் நிற்கின்றன.

மண்பாண்டத்துக்குப் பேர்போன அர்மோலியாவைத் தாண்டினால் பிர்கி கிராமம். வீட்டுச் சுவர்களெல்லாம் நம்மூர்க் கோலம் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கருமணல் கலந்த பூச்சின் மேல் சுண்ணாம்படித்து, ஈரம் காய்வதற்குள் கீறி எடுக்கிறார்கள். மாடங்களில் சிறு தக்காளிகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மானாவாரியில் விளைந்த தக்காளி. குளிர்காலச் சமையலுக்கு அதுதான் சேமிப்பு.

ஊரைச் சுற்றிச் சரிவெங்கும் மஸ்தகி மரங்கள். இது பிஸ்தா வகையைச் சேர்ந்தது. நம் மாவுக்கும் முந்திரிக்கும் ஒரே குடும்பம். ஆள் உயரத்தை விடச் சற்றே பெரிதாக, கோணல்மாணலாக வளர்கிறது. குச்சி நட்டு வளர்க்கிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்தே பிசின் கிடைக்கும். கோடையில் மரத்தடியைப் பெருக்கிச் சமன்படுத்தி, வெள்ளைச் சுண்ண மண்ணைச் சலித்துப் பரப்புகிறார்கள். பிறகு கூரான சிறு கருவியால் பட்டையில் கீறல் போட, பிசின் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வெள்ளை மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் இறுகுகிறது. அந்த நேரத்தில் மழை பெய்தால் சரக்குக் கெட்டுவிடும். ஒரு மரத்தில் ஆண்டுக்கு 200 கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். குளிர்காலம் முழுக்கப் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு துணுக்காகக் கத்தி முனையால் சுரண்டிச் சுத்தம் செய்வார்களாம்.

அடுத்து மெஸ்தா. ஊருக்குத் தனியாக மதில் கிடையாது. வெளிவரிசை வீடுகளின் பின்சுவர்களே கோட்டைச் சுவர். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவா நாட்டு வணிகர்கள், கடற்கொள்ளையருக்குப் பயந்து பிசின் கிராமங்களை இப்படி அமைத்தார்கள். அதே ஆட்சியில் பிசினைத் திருடியவர்களுக்குக் கடுந்தண்டனையும் இருந்தது. விளைவித்தது குடியானவன், லாபம் பார்த்தது வேறு ஆள்.

ஆட்சிகள் மாறியும் அந்தக் குறை தீரவில்லை. விற்காத சரக்குத் தேங்கி விலை சரிந்த பிறகு, 1938-ல் உற்பத்தியாளர் சங்கம் அமைந்தது. அன்று முதல் 24 கிராமங்களின் பிசினும் ஊர்க் கூட்டுறவு வழியாகச் சங்கத்துக்குத்தான் போகிறது. தரம் பிரிப்பதும் விற்பதும் சங்கம். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம், நம் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பைக் கொடுத்தது. 2014-ல் இந்தச் சாகுபடி அறிவை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

திரும்பும் வழியில் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தினோம். 2012 ஆகஸ்ட்டில் பரவிய காட்டுத் தீயில் ஏராளமான மஸ்தகி மரங்கள் கருகின. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், தீக்குப் பிறகு தான் நட்ட மரங்களைக் காட்டினார். பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள். யாருக்காக நட்டீர்கள் என்று மகன் மூலம் கேட்டேன். ஊரில் சங்கம் எடை போடும்வரை குச்சி நடுவேன் என்று சொல்லிவிட்டு, மரத்தடியில் சிந்தியிருந்த ஒரு துளியைப் பொறுக்கி என் கையில் வைத்தார். வாயில் போட்டேன். முதலில் கசந்தது, மெல்ல மெல்ல ஊசியிலைக் காட்டின் வாசம்.

நம் தோட்டத்தில் இதை வைக்கலாமா என்று சில வாசகர்கள் எழுதிக் கேட்கக்கூடும். வேண்டாம். இந்த இனச் செடி மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளர்ந்தாலும், வியாபாரத்துக்கான பிசின் தருவது கியோஸின் தெற்குப் பகுதியில் மட்டும்தான். அங்கிருந்து நாம் கொண்டுவர வேண்டியது குச்சியை அல்ல. ஒரு மரம் 200 கிராம்தான் தருகிறது. ஆனாலும் அதை விற்கும்போது அந்த விவசாயி தனி ஆளாக நிற்பதில்லை.