வீட்டுக்குள் ஒரு வழங்கி

மலையகத்து இளைஞனுக்கு இணையம் என்பது எப்பொழுதும் வெளியிலிருந்து வரும் பொருளாகவே இருந்து வந்துள்ளது. தேயிலை மலையின் உச்சியில் ஏறினாற் கிடைக்கும். பள்ளத்துக்கு இறங்கினால் அற்றுப்போகும். 2021ஆம் ஆண்டு, பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்திலே, பதுளை மாவட்டத்து லுணுகலைப் பிள்ளைகள் காட்டினுள் மரத்தின்மேல் அமைந்த குடிலில் ஏறியிருந்து பாடங் கற்றமை உலகச் செய்தியாயிற்று. பெறுவதற்கே இத்துணை இடர்ப்படும் சமுதாயம் ஒன்று, வழங்குவது பற்றி எங்ஙனம் எண்ணும்?

'வழங்கி' என்னும் சொல் இவ்விடத்து நோக்கற்பாலது. கேட்பவருக்கு வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளையும், அம்மென்பொருள் இயங்கும் கணினியையும் தமிழில் இப்பெயராற் குறிப்பர். வழங்கியென்றால் பெருநகரத்துக் குளிரறையில் அடுக்கப்பட்ட பாரிய இயந்திரம் என்றே பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. 1990ஆம் ஆண்டு ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ இயக்கிய உலகின் முதல் வலை வழங்கி, அவர் பயன்படுத்திய மேசைக் கணினியேயாகும். இது வழங்கி, இதனை நிறுத்தவேண்டாம் எனக் கையால் எழுதிய சீட்டொன்று அதில் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியாவது உருவத்தாலன்று, செய்யும் தொழிலாலேயே.

வெலிமடையை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்த மாணவன் ஒருவன், பல்கலைக்கழக விடுமுறையில் வீடு திரும்பியபோது இவ்வுண்மையைக் கண்டறிந்தான். அவன் கையில் இருந்தது பழைய மடிக்கணினி ஒன்று. வீட்டிலே, அம்மாயியின் தகரப் பெட்டியினுள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, மறைந்த பாட்டனார் காமன்கூத்துப் பாடல்களை எழுதி வைத்த அப்பியாசக் கொப்பி. மற்றொன்று, குடியுரிமைப் பத்திரங்களின் கட்டு.

கொப்பியிலிருந்த பாடல்களை அவன் பள்ளிக் காலத்திலேயே தட்டச்சுச் செய்து வைத்திருந்தான். இப்பொழுது எக்ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பைக் கணினியில் நிறுவினான். 1995ஆம் ஆண்டு வெளிவந்த அப்பாச்சி வழங்கியும், தரவுத்தளமும், பிஎச்பி மொழியும் இதனுள் ஒருங்கே அமைந்துள்ளன. அப்பாச்சியை இயக்கிப் பாடல்களை உரிய கோப்புறையில் இட்டு, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் எனத் தட்டினான். 127.0.0.1 என்னும் முகவரியை அப்பெயர் குறிக்கும். அதற்கு அனுப்பும் எச்செய்தியும் கணினியை விட்டு வெளியேறாது. புறப்பட்ட இடத்துக்கே மீளும்.

பக்கம் திறந்தது, தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. பாடல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. பாமினியில் தமிழெழுத்து என்பது ஆங்கில எழுத்தின்மேற் போர்த்திய போர்வையே. போர்வை நீங்கின் உள்ளிருப்பது ஆங்கிலமே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, யூடிஎவ்-8 என்ற அறிவிப்பையும் பக்கத்தின் தலையில் இட்ட பின்னரே பாட்டனாரின் வரிகள் திரையிலே தோன்றின.

"இது கொழும்புல இருந்தா வருது தம்பி?" என்று அம்மாயி வினவினார்.

"இல்ல அம்மாயி, இந்தப் பொட்டியில இருந்துதான்."

அன்று மாலை தன் கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டை அவன் இயக்கினான். இணையமும் இல்லை, டேட்டாச் செலவும் இல்லை. ஆயினும் மடிக்கணினியும் அயல் வீட்டுக் கைப்பேசிகளும் அதன்வழி இணைந்தன. தீச்சுவரில் அப்பாச்சிக்கு அனுமதி அளித்ததும் லயத்துப் பிள்ளைகள் பாடல்களைத் தத்தம் திரைகளிற் படித்தனர். அப்பொழுது ஒரு சிறுவன், "அண்ணே, அம்மாயி பேருல ஒரு கடுதாசி இருக்கே!" என்றான்.

மாணவன் திடுக்குற்றான். பத்திரங்களையும் படமெடுத்து அதே கோப்புறையில் இட்டிருந்தான். முகப்புப் பக்கம் இல்லாத கோப்புறைகளின் உள்ளடக்கத்தை அவ்வழங்கி பட்டியலிட்டுக் காட்டும் என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களுக்குப் பத்திரம் என்பது வெறுந் தாளன்று. தீ மூண்டாலும் மண் சரிந்தாலும் முதலில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டிய பொருள் அது. அம்மாயி சினக்கவில்லை. "பாட்டு ஊருக்கு, கடுதாசி வீட்டுக்கு" என்று மட்டும் கூறினார்.

வழங்கியை அமைப்போர் கற்கவேண்டிய முதற் பாடம் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிட்டது. மாணவன் பத்திரங்களை வேறு கோப்புறைக்கு மாற்றி, அக்கணினியிலிருந்து வரும் வேண்டுகோளுக்கு மட்டுமே அது திறக்குமாறு அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். மேலும் ஒன்றையும் உணர்ந்தான்: மடிக்கணினி பழுதுற்றால் எல்லாம் அழியும். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் உணர்த்திய பாடமும், ஓரிடத்தில் மட்டும் உள்ளது நிலையாது என்பதன்றோ? ஆதலின் எல்லாவற்றையும் பிரதி செய்து ஒரு பென்டிரைவில் இட்டு, அதனையும் தகரப் பெட்டியுள் வைத்தான்.

பாடல்களை உலகுக்கு வழங்கவும் வழியுண்டு. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை 2005ஆம் ஆண்டு முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகிறது. அதே மென்பொருளை அவனுடைய மடிக்கணினியிலும் நிறுவலாம். ஆயின் காமன்கூத்து பாட்டனாருக்கு மட்டும் உரியதன்று; ஆடுவோர்க்கும் பாடுவோர்க்கும் உரியது. மாசி மாதத்தில் கூத்துக்குக் கூடும்போது அவர்களிடம் கேட்டறிந்த பின்னரே அனுப்புவதென அவன் முடிவு செய்தான்.

அதுவரை அப்பாடல்கள் 127.0.0.1இல் இருக்கும். வழங்குதல் என்பது கொடுப்பது மட்டுமன்று. எதனை, யாருக்கு, யாரைக் கேட்டுக் கொடுப்பது எனத் தீர்மானிக்கும் உரிமையும் அதனுள் அடங்கும். நெடுங்காலம் பிறர் தீர்மானங்களுக்கு உட்பட்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைக்கு, அவ்வுரிமை ஒரு பழைய மடிக்கணினியிலே கைகூடியது.