ஒரு ரூபாய்தானே அண்ணா?

சென்ற மாதம் சென்னையில் மாணவத் தோழர்களோடு ஒரு கூட்டம். பேச்சுக்கு நடுவில், சென்னையைவிட எங்கள் நீலகிரியில் பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் அதிகம் என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர், "ஒரு ரூபாய்தானே அண்ணா, இதுல என்ன சாதி இருக்கு?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமா பந்தலூர் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தாத்தா கவ்வாத்து வெட்டினார், பாட்டி கொழுந்து பறித்தார். தோட்ட வேலையை விட்டு முதலில் வெளியே வந்தவர் மாமாதான். வட்டிக்குக் கடன் வாங்கி ஆட்டோ எடுத்தார். நிலமும் கிடையாது, கடை வைக்க முதலும் கிடையாது என்கிற நம் பையன்களுக்கு எட்டுகிற தொழில் பெரும்பாலும் டிரைவர் வேலைதானே.

மாமா சொன்ன கணக்கு இது. சமவெளியில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் வண்டி, எங்கள் ஏற்றத்தில் 18 தாண்டாது. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். விலை வித்தியாசம் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால், 26 நாளுக்கு 195 ரூபாய். வருடத்துக்கு 2,340 ரூபாய். அந்தப் பணத்தை யார் தலையில் கட்டுவது? ரிசார்ட்டுக்கு ஓடும் கார்க்காரர் பில்லில் சேர்த்துவிடுவார். மாமாவின் ஆட்டோவில் ஏறுகிறவர் கொழுந்து பறித்துவிட்டு வரும் அத்தை. அவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கேட்க மாமாவுக்கு வாய் வராது.

இது பங்க்கில் போட்டால் வரும் கணக்கு. எங்கள் லைன் வீடுகளிலிருந்து பங்க் 14 கிலோமீட்டர். பெட்ரோல் போட்டுவிட்டு வரவே ஒன்றரை லிட்டர் போய்விடும். அதனால் அவசரத்துக்குப் பெட்டிக்கடை பாட்டில்தான், லிட்டருக்கு 20 ரூபாய் கூடுதல். என் அக்காவுக்குப் பிரசவ வலி வந்த இரவில் கடைக்காரரை எழுப்பி, ஒரு லிட்டர் 150 ரூபாய்க்கு வாங்கி ஊற்றிக்கொண்டு போனோம். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் கேனில் சுமந்து வந்து விற்கிறவர்தான்.

மாநிலத்துக்கு மாநிலம் விலை மாறுவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென வரி போடுகிறது. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் எங்கள் விலையைவிடவும் அதிகம். ஆனால் ஒரே மாநிலத்துக்குள், ஒரே வரி இருக்கும்போது, விலை ஏன் மாறுகிறது? கிடங்கிலிருந்து பங்க்குக்கு டேங்கர் லாரி வரும் வாடகையும் விலையில் சேர்கிறது. தூரமும் மேடும் கூடக் கூட விலையும் கூடும்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி குறைக்கப்பட்டது. அதன்படி வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய். அந்த 13 சதவீதம் லாரி வாடகையும் சேர்ந்த தொகையின் மேல்தான் விழுகிறது. அதாவது தூரத்தில் இருப்பதற்காக ஒரு செலவு, அந்தச் செலவுக்கு ஒரு வரி.

இதை மாற்றவே முடியாதா? ரேஷன் அரிசி மலையேறித்தான் வருகிறது, ஆனாலும் சென்னையைப் போல எங்களுக்கும் இலவசம்தான். தபால் அட்டைக்கு நாடு முழுக்க ஒரே விலை. பெட்ரோலிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் எண்ணெய் நிறுவனங்கள் மாநிலத்துக்குள்ளான போக்குவரத்துச் செலவைச் சீரமைத்தன. ஒடிசாவில் மல்கான்கிரி மாவட்டத்தின் சில ஊர்களில் லிட்டருக்கு நான்கரை ரூபாய்க்கு மேல் குறைந்தது. சத்தீஸ்கரின் சுக்மாவில் இரண்டு ரூபாய். இரண்டும் ஆதிவாசிகள் நிறைந்த மாவட்டங்கள். ஒரே முடிவில் இவ்வளவு குறைக்க முடியும் என்றால், அதுவரை அந்த மக்கள் கூடுதலாகக் கொடுத்தது யார் எடுத்த முடிவால்?

தம்பி, பங்க் மெஷின் சாதி கேட்பதில்லை. மாமாவுக்கும் ரிசார்ட் முதலாளிக்கும் அங்கே ஒரே விலைதான். ஆனால் எங்கள் ஆட்கள் விரும்பி மலையேறியவர்கள் இல்லை. நிலமில்லாத சாதியில் பிறந்தவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்த் தோட்டத்தில் போட்டார்கள். பிறகு இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சமவெளியிலும் சேரி ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டுக்கு எட்டாத இடத்தில்தானே இருக்கிறது? நம்மைத் தூரத்தில் வைத்தது சாதி. அந்தத் தூரத்துக்குப் பில் போடுகிறது சந்தை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு ரூபாய் புரியும்.

அண்ணல் அம்பேத்கர் மாகாண நிதி பற்றி 1925இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வரிக் கணக்கு நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. கொலை நடந்தால் தெருவுக்கு வருகிறோம், வரவும் வேண்டும். தினமும் சட்டைப் பையிலிருந்து போகிற காசையும் பேச வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் பங்க் விலை, சென்னை விலை, காலனியில் பாட்டில் விலை, பங்க்குக்கு எத்தனை கிலோமீட்டர் - நான்கையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மாநிலம் முழுவதும் ஒரே பெட்ரோல் விலை என்று நாம் கேட்கும்போது, கையில் கணக்கு இருக்கட்டும்.

ஜெய் பீம்!