கேமரன் மலையில் முறிந்த தண்டு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதையில் போயிருக்கிறீர்களா? லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ரிங்லெட்டை நெருங்கும்போது காற்றே மாறிவிடும். அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்பினாலும், கோஸும் தக்காளியும் சுமந்து முனகிக்கொண்டு வரும் பழைய லேண்ட் ரோவர் ஒன்று கண்ணில் படும். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மலை மழையில் கூடு துருப்பிடிக்காமல் நிற்பது அதனால்தான். அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி 2016 சனவரியில் இங்கிலாந்தில் சோலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்தது. மலைக்காரர்கள் மட்டும் இன்னும் அதை விடவில்லை.

என் மனைவியின் தம்பி ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் இப்படிப்பட்ட வண்டி ஓட்டுகிறார். சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒரு காலை, தோட்டம் பார்க்கக் கிளம்பினோம். பின்னால் என் பிள்ளைகள் இருவர், அவர் மகள், கூடைகளில் கோஸ். செம்மண் ஏற்றம், ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம்.

நடு ஏற்றத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மைத்துனர் கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, "இறங்குங்க அத்தான், பார்ப்போம்" என்றார். அவர் காலை எடுத்ததுதான் தாமதம், வண்டி பின்னால் உருளத் தொடங்கியது! மறுபடி மிதித்தார். "கல்லு, கல்லு!" என்று கத்தினார். கைக்கு அகப்பட்ட பாறையைச் சக்கரத்தடியில் தள்ளினேன். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கும்வரை அவர் கால் அசையவில்லை. என் கைதான் நடுங்கியது.

ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கவில்லை? சாதாரணக் கார்களில் அது சக்கரத்தையே பிடிக்கும். இந்தப் பழைய வண்டியிலோ கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கிறது. அங்கிருந்து பிடி டிஃபரன்ஷியல் வழியாக, இடமும் வலமுமாக இரண்டு அரைத் தண்டுகளில் போய்ச் சக்கரத்தைச் சேர வேண்டும். ஒன்று முறிந்தால் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் வீணாகச் சுழலும். மறு சக்கரமும் விடுபட்டுவிடும். இழுவையும் போச்சு, பிடியும் போச்சு.

மைத்துனர் மஞ்சள் குமிழை அழுத்தி முன் சக்கரங்களையும் இணைத்தார். இப்போது ஹேண்ட் பிரேக் பிடித்தது. பின் சக்கர நடுவிலிருந்த ஆறு போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவினால், பாதிதான் வந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை, மறுபக்கத் தண்டையும் உருவிவிட்டு ஒரு கம்பியால் தட்டி எடுத்தார். இந்த அச்சில் சக்கரத்தைத் தாங்குவது வெளிக்குழாய். அதனால் தண்டு முறிந்தும் சக்கரம் கழலவில்லை. தண்டே சக்கரத்தைத் தாங்கும் வண்டியாக இருந்திருந்தால்? அதை நினைக்கவே வேண்டாம். முன் சக்கரங்களின் இழுவையில் மெல்ல ஊர்ந்து பட்டறை சேர்ந்தோம்.

பட்டறைக்காரர் வயதான சீனர். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஓரத்தில் பிறைபோல் கறுத்த பகுதி. மற்றது புதுப் பளபளப்பு. "கறுப்பு பழைய விரிசல், பளபளப்பு இன்று விட்டது" என்று மலாயில் சொன்னார். பிறகு தண்டின் முனைப் பற்களைத் தடவிக் காட்டினார். நல்ல எஃகு முறியுமுன் முறுக்கிக்கொள்ளும், பற்கள் சாய்ந்து எச்சரிக்கும். இதிலோ பற்கள் கோடு போட்டதுபோல் நேராக நின்றன. வகுப்பில் சுண்ணக்கட்டி ஒடிகிற மாதிரி ஒடிந்திருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கிய தண்டாம். பெட்டியில் பெரிய முத்திரை, மங்கலான அச்சு.

"தவுக்கே நல்லதுக்குத்தான் காசு கொடுத்தாரு அத்தான். மிச்சத்துக்கு நான்தான் ஆசைப்பட்டேன். ரெண்டு வாரமா கிளட்சை விடும்போதெல்லாம் 'டக்'குன்னு சத்தம் வேற. கேட்டும் ஓட்டினேன்." சொல்லிவிட்டு, பெஞ்சில் தூங்கிப் போயிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுத் தண்டுக்கு அவர் கைக்காசுதான் போயிற்று. அன்று மாலையே ரப்பர் மரக்கட்டையில் இரண்டு முட்டுக்கட்டைகள் செதுக்கி இருக்கைக்கு அடியில் போட்டார். மிச்சம் பிடித்த கதையை மட்டும் அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. ஆனால் இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வருகிறதே!